ஓடும் ஆர்.வி.யில் கேஸ்: வண்டியை எடுப்பதற்கு முன்பும் வழியிலும் செய்ய வேண்டியவை

நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் பக்கம். எங்களிடம் ஓர் ஆர்.வி. இருக்கிறது, அதாவது படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ள பயண வண்டி. தானாகவே ஓடும் மோட்டார் ஹோம் அது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த கிளாஸ் சி வகை. அதற்கு முன்னால் காரில் டிரெய்லர் கோத்து இழுத்துக்கொண்டு போனோம். கோடை விடுமுறை வந்தால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஷெனந்தோவா, அக்கேடியா, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்களுக்குக் கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கிளம்புகிற வாரத்தில் எனக்கு ஃபோன் வரும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜ் கேஸில் ஓடலாமா?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ஓட்டுங்கள். ஃபிரிட்ஜை மட்டும் அணைத்தால் போதாது, அடுப்பை மட்டும் அணைத்தாலும் போதாது. கேஸ் கிளம்பும் இடத்திலேயே மூட வேண்டும். பல ஆர்.வி.காரர்கள் கேஸைத் திறந்துவிட்டே ஓட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லா சாலைகளிலும் சட்டம் அதைத் தடுக்கவும் இல்லை. ஆனால் கொஞ்சம் திட்டமிட்டால் அதற்குத் தேவையே வராது என்பதை நான் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். பின்னால் குழந்தைகளையும் மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு போகிற வண்டியில், தேவையில்லாத தீ ஒன்று எதற்கு?

கேஸ் வண்டிக்குள் போகும் வழி

ஊரில் நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். அமெரிக்காவில் ஆர்.வி.க்கு நிரப்புவது கிட்டத்தட்ட முழுக்க புரொபேன். பியூட்டேன் உறைநிலைக் குளிரிலேயே ஆவியாக மறுத்து அடங்கிவிடும். புரொபேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். இங்குள்ள பனிக்காலத்துக்கு அதுதான் சரிப்படும். அதனாலேயே சிலிண்டருக்குள் அழுத்தமும் அதிகம். சாதாரண வெப்பநிலையிலேயே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டைத் தாண்டும். கார் டயரில் இருப்பது 35 பவுண்டு சொச்சம்தான். ரெகுலேட்டர் இந்த அழுத்தத்தை அரை பவுண்டுக்கும் கீழே இறக்கி, குழாய் வழியாக அடுப்பு, ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஆகிய நான்குக்கும் அனுப்புகிறது.

டிரெய்லரில் முன்பக்க இணைப்புக் கம்பியின் மேல் 20 அல்லது 30 பவுண்டு சிலிண்டர்கள் இரண்டு நிற்கும். 20 பவுண்டு என்பது ஏறக்குறைய 9 கிலோ. மோட்டார் ஹோமில் தொட்டி வண்டியின் அடியிலேயே பொருத்தியிருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் வால்வும் அளவுமானியும் தெரியும். வாடகை வண்டியை வாங்கும்போது அந்தக் கதவு எங்கே என்று கேட்டு, உங்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். டிவி எப்படிப் போடுவது என்று பத்து நிமிடம் காட்டுவார்கள். இதை நீங்களாகக் கேட்டால்தான் காட்டுவார்கள்.

ஓடும்போது என்ன மாறுகிறது

நின்றிருக்கும் வண்டியில் கேஸ் குழாயை யாரும் இடிக்கப் போவதில்லை. ஓடும் வண்டியில் கதை வேறு. ரெகுலேட்டரிலிருந்து கிளம்பும் குழாய் வண்டியின் தரைக்கு அடியில், பல வண்டிகளில் சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே போகிறது. நெடுஞ்சாலையில் டிரெய்லர் டயர் வெடித்தால் அதன் ரப்பர் பட்டை சுழன்று அடிக்கிற அடியில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடும் பலகையும் கிழிந்து தொங்கும். நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் அப்படி ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லர்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கலாம். அந்த அடி கேஸ் குழாயில் பட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

"குழாய் உடைந்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளுமே" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. சிலிண்டர் இணைப்பில் கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் தடுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய, பாய்ச்சல் ஓர் அளவைத் தாண்ட வேண்டும். ரெகுலேட்டருக்கு அப்புறம் உள்ள குழாயில் விரிசலோ, நசுங்கி உண்டான சின்ன ஓட்டையோ என்றால், ஃபர்னஸ் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு கேஸை அது விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் திரவ புரொபேன் ஆவியானால் ஏறக்குறைய 270 லிட்டர் கேஸ் ஆகும். காற்றில் அது 2 சதவீதத்தைத் தாண்டினாலே பற்றக்கூடிய கலவை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு பரவித் தேங்கும்.

இன்னொன்று, நாம் ஏற்றி வைத்த தீயைவிட நமக்குத் தெரியாமல் ஏறும் தீ. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஆர்.வி. ஃபிரிட்ஜில் பெரும்பாலும் ஆட்டோ என்றொரு நிலை இருக்கும். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் இணைப்பு இருக்கும்வரை கரண்டில் ஓடும். காலையில் கிளம்பும் அவசரத்தில் ஒயரைப் பிடுங்கிய நொடியில் அது தானாகவே கேஸுக்கு மாறி, தீப்பொறி தட்டி, பின்பக்கம் சுடரை ஏற்றிக்கொள்ளும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அதேபோல ராத்திரி குளிருக்குப் போட்ட தெர்மோஸ்டாட்டை (அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) அப்படியே விட்டிருந்தால், மலைப்பாதையில் ஏறும்போது உள்ளே குளிர்ந்ததும் ஃபர்னஸ் தானே எரியத் தொடங்கும். வாட்டர் ஹீட்டர் சுவிட்ச் போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான். மூன்றும் வண்டியின் வெளிப்பக்கச் சுவரில் துளை வைத்து எரிபவை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கிளம்பும் காலையில்

முதலில் சாதனங்கள், அப்புறம் சிலிண்டர். இந்த வரிசையில் செய்யுங்கள். சிலிண்டரை மட்டும் மூடிவிட்டு ஃபிரிட்ஜை ஆட்டோவில் விட்டால், அது கேஸ் வருகிறதென்று நினைத்து டிக் டிக் என்று தீப்பொறி தட்டிக்கொண்டே இருக்கும். சிலமுறை முயன்று தோற்றதும் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அந்தத் தீப்பொறி ஒரு பெட்ரோல் பங்கில் தட்டினால் போதும்.

நான் செய்வது இப்படி. உள்ளே தெர்மோஸ்டாட்டை ஆஃப் நிலைக்குத் தள்ளுவேன். வெப்பநிலையைக் குறைத்து வைப்பது அணைப்பதாகாது. வாட்டர் ஹீட்டர் சுவிட்சை அணைப்பேன். அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஓட்டத்தில் ஒரு பாத்திரமோ பையோ சரிந்து குமிழைத் திருப்பிவிடக்கூடாது என்பதற்காக அடுப்பின் மூடியைக் கவிழ்த்துக் கொக்கி போடுவேன். ஃபிரிட்ஜை அணைப்பேன். அதன் பிறகு வெளியே போய் வால்வைக் கடிகார முள் சுற்றும் திசையில், கை பலத்தோடு நிற்கும்வரை திருப்புவேன். குறடு போட்டு இறுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் அடைப்பான் கெட்டுப்போகும்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் ரெகுலேட்டர், ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றை மட்டும் மூடினால் மூடியதாகவே அர்த்தமில்லை. இரண்டையும் மூடுங்கள். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், பட்டை இறுகியிருக்க வேண்டும். படுத்த சிலிண்டரில் பாதுகாப்பு வால்வுப் பக்கம் ஆவிக்குப் பதில் திரவம் வந்து நிற்கும். கூடுதல் சிலிண்டரை ஆர்.வி.க்குள்ளோ, கார் டிக்கியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஊரில் எங்கள் அம்மா ராத்திரி படுக்கப் போகும் முன், "ரெகுலேட்டரை அணைச்சிட்டியா?" என்று கேட்காமல் விளக்கை அணைக்க மாட்டார். நம்மில் பாதிப் பேர் அந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தோம். எங்கள் வண்டியில் அதைக் கேட்பது என் மகளின் பொறுப்பு. அவள் கேட்டு, நான் பதில் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும்.

ஃபிரிட்ஜை அணைத்தால் சாப்பாடு?

எல்லோருடைய பயமும் இதுதான். அமெரிக்க விவசாயத் துறை கரண்ட் நின்ற வீடுகளுக்குச் சொல்லும் கணக்கே இதற்கும் பொருந்தும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் உணவைப் பத்திரமான குளிர்ச்சியில் வைக்கும். நிறைந்திருக்கும் ஃபிரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. உள்ளே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. அந்த அளவைத் தாண்டி 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த பால், தயிர், கறி, மீன் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கையளவு தெர்மோமீட்டர் ஒன்று வாங்கிக் கதவுப் பக்கம் தொங்கவிட்டால் ஊகம் தேவையில்லை.

அந்த 4 மணி நேரம் நீங்கள் நன்றாகக் குளிர்ந்த ஃபிரிட்ஜோடு தொடங்கினால்தான். ஆர்.வி.யில் இருக்கும் கேஸ் ஃபிரிட்ஜில் கம்பிரஸர் கிடையாது. சூடாக்கி, அம்மோனியாவை ஆவியாக்கி, அதன் மூலம் குளிர வைக்கும் வகை. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு மணி நேரத்தில் குளிராது. வெதுவெதுப்பிலிருந்து தொடங்கினால் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய மாலையே வீட்டுக் கரண்டில் செருகி ஓடவிடுங்கள். உள்ளே வைப்பவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிர வைத்துத்தான் மாற்ற வேண்டும். சூடான சாதத்தை உள்ளே வைத்தால் அன்றைய குளிர்ச்சி அதோடு சரி.

நான் சாம்பாரையும் ரசத்தையும் தட்டையான டப்பாக்களில் ஊற்றி வீட்டிலேயே கல்லாக உறைய வைத்துவிடுவேன். முதல் நாள் அவை ஃபிரிட்ஜின் மேல் தட்டில் ஐஸ் வேலை பார்க்கும், மாலையில் உருகியதும் சாப்பாட்டு வேலைக்கு வரும். மாவை ஜிப் பைகளில் தட்டையாக்கி ஃபிரீசரில் அடுக்கலாம். உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலி இடங்களில் செருகுங்கள். இடைவெளி குறையக் குறைய குளிர் நிற்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் கொண்டுபோகாதீர்கள், முதலில் கெடுவது அதுதான். தேங்காய்த் துருவலை உறைய வைத்து எடுத்துப்போய் அங்கேயே அரைத்துக்கொள்ளலாம். வழியில் சாப்பிட வேண்டியது, குடிக்க வேண்டியது எல்லாம் தனி ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். பிள்ளைகள் ஜூஸுக்காக ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க ஆரம்பித்தால் 4 மணி நேரம் என்பது இரண்டாகிவிடும்.

ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் நடுவில் ஒரு நீண்ட நிறுத்தம் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பூங்காவிலோ ஓய்விடத்திலோ நிற்கும்போது சிலிண்டரைத் திறந்து ஃபிரிட்ஜை ஏற்றிவிட்டு, சாப்பிட்டுக் காலாற நடந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து மூடிக் கிளம்பலாம். வண்டி ஏறக்குறைய சமதரையில் நிற்க வேண்டும். சாய்வில் நின்றால் இந்த வகை ஃபிரிட்ஜின் உள்சுழற்சி நின்று கெட்டுப்போகும்.

சிலர் இன்வெர்ட்டர் வழியாக பேட்டரியில் ஓட்டலாமே என்பார்கள். இந்த ஃபிரிட்ஜ் கரண்டில் 300, 400 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து என்றால் 30 ஆம்பியர் பக்கம். சாதாரண ஈய பேட்டரி ஒன்று இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இன்ஜின் சார்ஜும் பெரிய லித்தியம் பேட்டரியும் இருந்தால் சரி. புதிதாக வாங்குபவர்கள் 12 வோல்ட் கம்பிரஸர் ஃபிரிட்ஜ் உள்ள வண்டியைப் பாருங்கள். இன்று பல புதிய வண்டிகளில் அதுதான் வருகிறது. அதில் கேஸ் பேச்சே இல்லை.

மருந்து விஷயம் தனி. என் மாமியார் இன்சுலின் போடுபவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் வீணாகிவிடும். அதனால் அதை நாங்கள் ஆர்.வி. ஃபிரிட்ஜை நம்பி வைப்பதே இல்லை. காரில் செருகும் சின்ன கம்பிரஸர் பெட்டி ஒன்றில், தெர்மோமீட்டரோடு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வரும். ஃபிரிட்ஜை கேஸில் ஓட்டியே ஆக வேண்டும் என்பதற்கு என்னிடம் யாராவது சொல்லும் ஒரே நல்ல காரணம் மருந்துதான். அந்தக் காரணத்தையும் இந்தப் பெட்டி தீர்த்துவிடும்.

அடுப்பு, சுடுதண்ணீர், சூடு

ஓடும் வண்டியில் அடுப்பு கூடாது. "ஒரு வாய் காபி போட்டுட்டு வந்துடறேன்" என்று யாரும் எழுந்து போகக்கூடாது. கிளம்பும் முன் இரண்டு ஃபிளாஸ்க் நிறைய காபியும் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் ஹீட்டர் தொட்டியைக் காலையில் சூடாக்கி அணைத்தால் மதியம்வரை கை கழுவ வெதுவெதுப்பு இருக்கும்.

சூட்டுக்கு முன்பக்க இன்ஜின் ஹீட்டர் போதும். கிளாஸ் சி வண்டியில் பின்பக்கம் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். பெரியவர்களை முன்னிருக்கைப் பக்கம் உட்கார வைத்து, போர்வை கொடுங்கள். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பியின் கேம்பர் வேனில் ஓடும்போதே கேஸ் ஹீட்டர் எரியும். ஐரோப்பாவில் அதற்கு விபத்து நேர்ந்தால் கேஸை வெட்டும் பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்க வண்டிகளில் அது வழக்கமாக வருவதில்லை. அங்கே செய்கிறார்களே என்று இங்கே செய்யக்கூடாது.

நிறுத்திய பிறகும் அடுப்பைப் பற்ற வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். அது ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கொடுக்கும். வாசனை இல்லாத விஷம்.

பெட்ரோல் பங்க்

இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்ரோல் ஆவியும் காற்றைவிட கனமானது, தரையோடு வரும். ஃபிரிட்ஜின் சுடர் எரியும் இடம் வண்டியின் வெளிச்சுவரில், கீழ்ப்பக்கக் காற்றுத் துளைக்குப் பின்னால். பல மோட்டார் ஹோம்களில் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து அது சில அடி தூரம்தான். எரிபொருள் நிரப்பும் முன் சுடர், பைலட் (எப்போதும் எரியும் சிறு தீ), தீப்பொறி எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லும் எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டியிருக்கும், பாருங்கள்.

நியூ ஜெர்சியில் நாமாக பெட்ரோல் போட முடியாது, சட்டப்படி பங்க் ஊழியர்தான் போடுவார். நம் வண்டியின் சுடருக்குப் பக்கத்தில் குழாயோடு வந்து நிற்பது அவர். காலையிலேயே சிலிண்டரை மூடியிருந்தால் இதை யோசிக்கவே வேண்டாம். மூடாமல் வந்திருந்தால் பங்க் வாசலுக்கு முன்பே, சாலையோரத்தில் நிறுத்தி அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். பம்புக்குப் பக்கத்தில் வந்து அணைப்பது தாமதம். ஜெனரேட்டர் ஓடினால் அதையும் நிறுத்துங்கள்.

புரொபேன் நிரப்பும்போதும் அப்படித்தான். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். சிலிண்டரை 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிவடைய மீதி இடம் வேண்டும். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்காதீர்கள்.

சுரங்கப்பாதையும் படகும்

கிழக்குக் கடற்கரைக்காரர்கள் இதை வரைபடத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். நியூயார்க்கின் ஹாலண்ட், லிங்கன் சுரங்கப்பாதைகளில் புரொபேன் ஏற்றிய ஆர்.வி. போகக்கூடாது. மூடியிருந்தாலும் கூடாது. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல்தளத்தில் போகலாம், கீழ்த்தளத்தில் போகக்கூடாது.

பால்டிமோர் இன்னும் சிக்கல். அங்கே ஹார்பர் டன்னல், ஃபோர்ட் மெக்ஹென்றி டன்னல் இரண்டிலும் ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுக்கு மேல் அனுமதி இல்லை. ஆர்.வி. சிலிண்டர்கள் பெரும்பாலும் 20 அல்லது அதற்கு மேல். முன்பெல்லாம் ஆர்.வி.காரர்கள் ஐ-695 சாலையில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகத் துறைமுகத்தைக் கடந்துவிடுவார்கள். 2024 மார்ச் 26-ஆம் தேதி டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்தது. சாலையில் குழி அடைத்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நமக்கு இருக்கும் வழி, அதே ஐ-695-இன் மேற்குப் பக்கமாக, டவ்ஸன், பைக்ஸ்வில் வழியாக நகரைச் சுற்றுவது. பழைய ஜி.பி.எஸ். கருவியையும், காருக்கு வழி காட்டும் செயலியையும் நம்பினால் நேராகச் சுரங்க வாசலில் கொண்டுபோய் விடும். அங்கே பெரிய வண்டியைத் திருப்புவது பெரும்பாடு. வர்ஜீனியாவின் செசபீக் பே பாலச் சுரங்கத்தில் ஆர்.வி. போகலாம், ஆனால் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும், அளவுக்கும் வரம்பு உண்டு. கிளம்பும் முந்தைய நாள் அந்தந்தச் சாலை நிர்வாகத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

படகில் வண்டியை ஏற்றினாலும் கேஸை மூடச் சொல்வார்கள். மூடிய வண்டித் தளத்தில் கசிந்தால் கேஸ் போக இடமில்லை.

மூக்கும் கருவியும் பெருங்காயமும்

புரொபேனுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்கேப்டன் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, கந்தகம் கலந்த நாற்றம். நம் வண்டிகளில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பெருங்காயத்தின் வாசனையும் கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். அலமாரியில் பெருங்காய டப்பா, நேற்று கொதித்த ரசம், முட்டைப் பொரியல் என்று இருக்கிற வண்டியில், "அது பெருங்காயம்தான்" என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். அப்படிச் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். பெருங்காயத்தைக் காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் போட்டு வையுங்கள். அதற்கு அப்புறமும் நாற்றம் வந்தால் அது கேஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தால் மூக்கு பழகிப்போய் நாற்றம் போய்விட்ட மாதிரி இருக்கும், கேஸ் போயிருக்காது.

அதனால்தான் கருவி வேண்டும். கேஸ் எச்சரிப்பான் தரையிலிருந்து சில அங்குலத்தில் இருக்கும். அதன் முன்னால் செருப்பையும் பையையும் குவிக்காதீர்கள். அது வண்டி பேட்டரியில் ஓடுவது. சில வண்டிகளில் பேட்டரி சுவிட்சை அணைத்தால் எச்சரிப்பானும் செத்துவிடும், பச்சை விளக்கு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். இந்தக் கருவிகளின் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 வருடம், தேதி அதன் முதுகில் இருக்கும். ஹேர் ஸ்பிரே அடித்தாலும் சிலசமயம் கத்தும். அதற்காக ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓடும்போது நாற்றம் வந்தாலோ கருவி கத்தினாலோ: பத்திரமான ஓரத்தில் நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், எல்லோரையும் இறக்குங்கள், கதவைத் திறந்தே விடுங்கள். விளக்கு, ஃபேன், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவதும் அணைப்பதும் இரண்டுமே பொறிதான். வால்வு கைக்கெட்டும் இடத்தில், சீறல் இல்லாமல் இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டுப் பக்கமாக நடங்கள். பள்ளத்திலும் சாலையோர வடிகாலிலும் கேஸ் தேங்கும். தள்ளிப் போய் நின்றுதான் 911-க்கு ஃபோன் செய்ய வேண்டும். பையை எடுக்க, பாஸ்போர்ட்டை எடுக்க என்று யாரையும் திரும்ப உள்ளே விடாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வெளியே ஒரு சுற்று நடந்து, அடியில் எதுவும் தொங்குகிறதா, டயர்ப் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டரைத் திறக்க வேண்டும். மிக மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திருப்பினால் அந்தப் பாய்ச்சல் தடுப்பான் குழாய் உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கேஸை நிறுத்திவிடும். அடுப்பு சிணுங்கிச் சிணுங்கி எரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். மூடி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகும். முதலில் அடுப்பில் ஒரு பர்னரைப் பற்ற வைத்துக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். சுடர் நீலமாக நின்றதும் ஃபிரிட்ஜை ஏற்றினால் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொள்ளும். மஞ்சளாக ஆடினால் பர்னரையோ ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில் வண்டியை வெளியே எடுக்கும்போது, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அம்மோனியா, குளோரின் கலந்த சோப்பு வேண்டாம், பித்தளையை அரித்துவிடும். வெளிச்சுவர்த் துளைகளில் குளவியும் சிலந்தியும் பனிக்காலம் முழுக்கக் குடியிருந்திருக்கும், சுத்தம் செய்து வலை போடுங்கள். ஆர்.வி. மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை கேளுங்கள். குழாயில் அழுத்தம் ஏற்றி 3 நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று மானி வைத்துப் பார்ப்பார்கள். டிரெய்லர் சிலிண்டரின் கழுத்து வளையத்தில் செய்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அமெரிக்காவில் அதிலிருந்து 12 வருடம்தான் நிரப்பித் தருவார்கள், அதற்கு மேல் மறுசோதனை முத்திரை வேண்டும். மோட்டார் ஹோமின் நிலையான தொட்டிக்கு இந்தக் கெடு கிடையாது. பழைய வண்டி வாங்குபவர்கள் ஃபிரிட்ஜின் மாடல் எண்ணையும் வண்டி எண்ணையும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் ரீகால் பட்டியலில் தேடிப் பாருங்கள். தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கேஸ் ஃபிரிட்ஜ் மாடல்கள் அதில் உண்டு, பழுது நீக்காமலே கைமாறிய வண்டிகளும் சந்தையில் இருக்கும்.